பிடித்த பணம் யாருடையது?

சென்ற மாசியில் எங்கள் தெரு மேஸ்திரி ஒரு காசோலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர் அரிசி ஆலையில் சுற்றுச்சுவர் எழுப்பும் வேலையைக் கூலி ஒப்பந்தமாக எடுத்திருந்தார். பேசிய தொகை 85,000 ரூபாய். காசோலையில் இருந்தது 84,150. “எண்ணூத்தம்பது ரூபா புடிச்சிக்கினாங்கய்யா. ஏன்னு கேட்டதுக்கு, ‘அடுத்த வேலைக்கு பில்லு கில்லு எதுவும் வேணாம், ரொக்கமாவே குடுத்துடறேன்’னு முதலாளி சொல்லிட்டாரு. நல்ல மனுசன்” என்றார்.

அந்த ‘நல்ல மனுசன்’ என்ற தீர்ப்பை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

மேஸ்திரி ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. எங்கள் உத்திரமேரூர் வட்டத்தில் ஜேசிபி ஓட்டுகிறவர், கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றும் டிப்பர்காரர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், பெயின்டர், பந்தல்காரர் என்று யாரைக் கேட்டாலும் மூன்று வாக்கியங்கள் வரும். டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பது, உழைத்தவன் வயிற்றில் அடிப்பது. பிடிக்காமல் ரொக்கமாகத் தருகிறவர் தயவுள்ளவர். பான் எண்ணைக் கொடுப்பது வலியப் போய் மாட்டிக்கொள்வது. கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியே என் உத்தியோக காலம் போயிற்று. இந்த மூன்று வாக்கியங்களையும் அந்தக் காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். மூன்றும் தவறு. மூன்றாவது, சொல்கிறவரின் குடும்பத்தையே ஒருநாள் நடுத்தெருவில் நிறுத்தக்கூடியது.

முதலில் அந்த 850 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம். அது ஆலைக்காரரின் பணமல்ல, அரசாங்கம் புதிதாகப் போட்ட வரியும் அல்ல. மேஸ்திரியின் பான் எண்ணில், மேஸ்திரியின் பெயரில், அவருடைய வருமான வரிக்கு முன்பணமாக அரசுக் கணக்கில் ஏறும் தொகை. ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போது அவருக்கு வரி உண்டு என்றால் அதில் கழியும். வரியே இல்லை என்றால் முழுத்தொகையும் அவர் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் சட்டத்தில் உண்டு. 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் செலுத்த வேண்டிய வரி ஒன்றுமில்லை. எங்கள் மேஸ்திரி எத்தனை சுவர் எழுப்பினாலும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. அவரிடம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் அவர் கேட்டால் திரும்பி வர வேண்டியது. அவர் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

“எல்லாம் இந்த ஜிஎஸ்டி வந்த பிறகு வந்த வினை” என்று சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில் வருமான வரி பிடிக்கும் விதி 1972 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. இன்று தனி ஆளாக இருந்தால் ஒரு சதவீதம், நிறுவனமாக இருந்தால் இரண்டு. ஒரே தொகை 30,000 ரூபாயைத் தாண்ட வேண்டும், அல்லது ஓராண்டில் ஒரே இடத்திலிருந்து வாங்கியது ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 194சி என்று ஆடிட்டர்கள் வாயில் பழகிய பிரிவு 393க்குள் போய்விட்டது. பிரிவின் எண்தான் மாறியது, சதவீதம் மாறவில்லை.

எல்லோரும் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. வயலைச் சமன்படுத்த ஜேசிபி கூப்பிடும் விவசாயிக்கு இந்த வேலை கிடையாது. தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறவர், ஒரே ஆளுக்கு ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுக்காதவரை, இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தனி ஆளாகக் கடை வைத்திருப்பவர் முந்தைய ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் வியாபாரம் செய்திருந்தால்தான் இந்தக் கடமை. நிறுவனம், கூட்டு வியாபாரம், சங்கம், பஞ்சாயத்து, அரசு அலுவலகம் ஆகியவைதான் கட்டாயம் பிடிக்க வேண்டியவை. ஜல்லியோ சிமெண்டோ வெறும் சரக்காக விற்றால் இந்த ஒரு சதவீதம் பொருந்தாது. சரக்கு வாங்குவதற்கென்று வேறொரு பிடித்தம் உண்டு. அது வாங்குகிறவரின் வியாபாரம் பத்துக் கோடியைத் தாண்டி, ஒருவரிடம் வாங்கியது 50 லட்சத்தைத் தாண்டினால்தான் வரும். ஊரில் பேசப்படும் பயத்தில் பாதி, தங்களுக்குப் பொருந்தாத விதியைப் பற்றிய பயம்.

பஞ்சாயத்து வேலை எடுப்பவர்களின் குழப்பம் வேறு மாதிரி. பில்லில் வருமான வரிப் பிடித்தம் ஒன்று. ஒப்பந்தத் தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டிப் பிடித்தம் இரண்டு சதவீதம் தனி. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு ஒரு சதவீதம். அதற்கு மேல் வேலை உத்தரவாதத்துக்கு நிறுத்திவைக்கும் வைப்புத்தொகை. கைக்கு வந்த தொகையைப் பார்த்ததும் இத்தனையையும் ஒரே சொல்லில் ‘வரி புடிச்சிட்டாங்க’ என்று முடித்துவிடுகிறார்கள். இவை நான்கும் ஒன்றல்ல. வருமான வரிப் பிடித்தம் பான் எண்ணில் உட்காரும். ஜிஎஸ்டிப் பிடித்தம் அவருடைய ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டில் ஏறும்; அடுத்த முறை வரி கட்ட அதையே எடுத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகை காலம் முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டியது. திரும்பி வராதது நல நிதிக்குப் போகும் ஒரு சதவீதம் மட்டும். அதுவும் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்குமான வாரியத்துக்குப் போகிறது. எது எங்கே போனது என்று தெரியாதவர் திரும்பி வரக்கூடியதையும் சேர்த்து இழக்கிறார்.

இனி அந்தத் தயவுக்கு வருகிறேன்.

பிடிக்காமல் கொடுப்பதால் மேஸ்திரிக்கு உடனே மிச்சமாவது 850 ரூபாய். அதுவும் திரும்பி வரக்கூடிய 850 ரூபாய். ஆலைக்காரருக்கு என்ன மிச்சம்? மாதம் பிறந்து ஏழாம் தேதிக்குள் பணம் கட்டும் வேலை மிச்சம். காலாண்டுக்கு ஒருமுறை படிவம் போடும் ஆடிட்டர் கட்டணம் மிச்சம். பிடித்தம் செய்யாமல் செலவு எழுதினால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வரித்துறை ஏற்காது. 85,000க்கு அது 25,500. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே ஏற்காது. இதெல்லாம் தெரிந்த முதலாளி என்ன செய்கிறார்? அப்படி ரொக்கமாகக் கொடுக்கும் 85,000ஐ ஒன்பதாயிரம், எட்டாயிரம் என்று உடைத்துக் கூலிப் பட்டியல்களாக எழுதுகிறார். பட்டியலில் யார் யார் பெயரோ இருக்கிறது. கைநாட்டும் இருக்கிறது. வெயிலில் நின்று சுவர் எழுப்பிய மேஸ்திரியின் பெயர் அதில் எங்கும் இல்லை. அந்தச் சுவரை அவர் கட்டவேயில்லை என்று காகிதம் சொல்கிறது. இதற்குப் பெயர் தயவா? தன் வேலைச் சுமையைக் குறைத்துக்கொண்டு, அதை எதிராளிக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக்கொள்வது இது. எல்லா முதலாளிகளும் கணக்குப் போட்டு இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உண்மையிலேயே உபகாரம் செய்வதாக நம்புகிறார்கள். நம்பிச் செய்தாலும் இழப்பு மேஸ்திரிக்குத்தான்.

29,000, 28,500 என்று பில்லைப் பிரித்துப் போடும் சாமர்த்தியமும் இப்படித்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற இரண்டாவது எல்லை இந்தப் பிரிவினைக்காகவே இருக்கிறது. நாலாவது சீட்டில் அது தாண்டிவிடும். தாண்டியதும் அந்த ஆண்டில் கொடுத்தது முழுவதற்கும் பிடிக்க வேண்டும். கடைசிச் சீட்டில் மொத்தமாகப் பிடிபடும்போது, ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர் மறுபடி அந்த மேஸ்திரிதான்.

பான் எண் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்பதற்கு லாரிக்காரர்களைவிட நல்ல மறுப்பு இல்லை. சரக்கு ஏற்றும் வண்டி பத்து அல்லது அதற்குக் குறைவாக வைத்திருப்பவர், பான் எண்ணும் ஓர் உறுதிமொழிக் கடிதமும் கொடுத்தால் அவருடைய வாடகையில் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. பான் எண் கொடுக்காவிட்டால் பிடிப்பது 20 சதவீதம். இரண்டு டிப்பர் வைத்துக்கொண்டு நடைக்கணக்கில் ஓட்டுகிறவர், எண்ணை மறைத்தால் லட்சத்துக்கு இருபதாயிரம் போகும். எண்ணைச் சொன்னால் ஒன்றும் போகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிரஷர் அலுவலகத்தில் சண்டை போட்டு, கடைசியில் வேறொருவர் பெயரில் பில் போட்டு வாங்கிப்போகிற டிரைவர்-ஓனர்களை எனக்குத் தெரியும். அந்த வேறொருவர் பெயரில் ஏறிய வருமானத்துக்கு அவர் வந்து கணக்குக் கேட்கும் நாளில் நட்பும் போகிறது.

காகிதம் இல்லாத வருமானம், தேவைப்படும் நாளில் வருமானமாகவே எண்ணப்படாது. மேஸ்திரி கான்கிரீட் கலக்கும் இயந்திரம் வாங்க வேண்டும் என்று வங்கிக்குப் போகிறார். மாதம் எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள், சொல்கிறார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், கையை விரிக்கிறார். பிறகு தினத்தவணைக்காரரிடம் போகிறார். வங்கி வட்டிக்கும் தினத்தவணை வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால், இத்தனை ஆண்டில் ‘மிச்சம் பிடித்த’ ஒரு சதவீதம் ஒரே தவணையில் கரைந்துபோயிருக்கும்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் ஒருவர் போய்விட்டால் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்று தீர்ப்பாயம் கணக்கிடுவது, அவருடைய வருமானத்தை வைத்துத்தான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வருமான வரிக் கணக்கு தாக்கலாகியிருந்தால் அந்தச் சட்டபூர்வமான ஆவணத்தை வைத்தே வருமானத்தை முடிவு செய்ய வேண்டும் என்றது. அது இல்லாத குடும்பத்துக்கு, நீதிமன்றம் உத்தேசமாக வைக்கும் ஒரு தொகைதான். மாதம் நாற்பதாயிரம் கொண்டுவந்த மனிதர், கூலி ஆள் கணக்கில் மதிப்பிடப்படுவார். அவர் மனைவி எத்தனை சாட்சிகளைக் கூட்டிவந்து நிறுத்தினாலும், ரொக்கமாகக் கொடுத்த முதலாளி வந்து ‘ஆமாம், நான் இவருக்கு இவ்வளவு கொடுத்தேன்’ என்று கூண்டில் ஏறிச் சொல்வாரா? சொன்னால் தன் கணக்குப் பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. ‘நல்ல மனுசன்’ அன்றைக்கு வரமாட்டார்.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. அதை ஆண்கள் சொல்வதில்லை, வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள்: “பேரு வரிக் கணக்குல ஏறிட்டா மாசம் வர ஆயிரம் ரூபா நின்னுடும்.” கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று எங்கள் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது இந்த வீடுகளில் சின்னத் தொகை அல்ல. இந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் சம்பாதித்து, வரிக் கணக்கு தாக்கல் செய்து வரி செலுத்துபவர் உள்ள குடும்பத்துக்குத் தொகை இல்லை. ஆலைக்காரர் பிடித்த ஒரு சதவீதத்தைத் திரும்பக் கேட்டு வாங்குகிறவர் வரி செலுத்தியவர் ஆகமாட்டார். விவசாயிகளுக்கான ஆண்டு 6,000 ரூபாய் உதவியிலும் விலக்கு வரி கட்டியவருக்குத்தான். இருந்தாலும் பயம் இருக்கிறது, அதைப் போக்க வேண்டியது அரசு. பிடித்ததைத் திரும்பப் பெறுவதற்காகத் தாக்கல் செய்வது வரி செலுத்துவது ஆகாது என்று ஒரே வரியில், ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் எழுதி ஒட்டட்டும். அது ஒட்டப்படாதவரை அந்தப் பெண்களின் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு.

அரசிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. 30,000 என்ற எல்லை 2010 ஜூலையில் வைக்கப்பட்டது. அன்றைக்கு 30,000 ரூபாய்க்கு ஒரு மேஸ்திரி எழுப்பிய சுவரை இன்று அந்தத் தொகையில் பாதி உயரம்கூட எழுப்ப முடியாது. 2025 ஏப்ரலில் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் கட்டணத்துக்கான எல்லை 30,000லிருந்து 50,000 ஆக உயர்ந்தது. கரண்டி பிடிப்பவருடைய எல்லை அப்படியே நின்றுவிட்டது. இது அநியாயம். இந்த எல்லையை உயர்த்தக் கோருவதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் எல்லையை உயர்த்து என்பது வேறு, ஏமாற்று என்பது வேறு. அமெரிக்காவில் இப்படிப் பொதுவாகப் பிடிப்பதில்லை. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஆண்டுக்கு ஒருமுறை அரசுக்கும் வாங்கியவருக்கும் தெரிவித்தால் போதும். அங்கும் வரி எண்ணைக் கொடுக்காதவரிடம் 24 சதவீதம் பிடிக்கிறார்கள். பிரிட்டனில் கட்டடத் துணை ஒப்பந்தக்காரர் பதிவு செய்திருந்தாலே பொதுவாக 20 சதவீதம், செய்யாவிட்டால் 30. நம் ஒரு சதவீதத்தின் நோக்கம் பணத்தைவிடத் தடயம்தான். அந்தத் தடயத்தால் அதிகம் பயன்பெற வேண்டியவர், வேறு எந்தச் சான்றும் இல்லாத நம் மேஸ்திரி.

அந்தத் தடயத்தையே கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாதவர்கள். கட்டிவிட்டுப் படிவத்தில் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டு, திருத்தச் சொன்னால் அலைக்கழிப்பவர்கள். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டால், ‘உனக்கு எதுக்குப்பா அது’ என்பவர்கள். டிடிஎஸ் மேல் ஊரில் இருக்கும் கசப்பில் பெரும்பகுதி இவர்கள் விதைத்தது. சட்டம் இவர்களை விட்டுவைக்கவில்லை. பிடிக்க மறந்தவருக்கு மாதம் ஒரு சதவீத வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாதவருக்கு ஒன்றரை. படிவம் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பிடிக்கப்பட்டவரிடமே அதே வரியை மறுபடி வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1 அன்று தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் முதலாளி படிவம் போடாதவரை, தன் பணத்தைத் திரும்பக் கேட்கும் சிறிய ஆளுக்கு வழி கடினமாகத்தான் இருக்கிறது. இந்த ஓட்டையை வரித்துறை அடைக்கவில்லை என்பது உண்மையான குறை.

உத்திரமேரூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளைக் காட்டிக் குடவோலை, தேர்தல், சனநாயகம் என்று எல்லோரும் பேசுகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் வந்து பார்க்கிறார்கள். அந்தக் கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய மாமன், மாமனார், அத்தை மகன் என்று உறவு வரிசையே விலக்கப்பட்டது. ஊர்ப் பணத்தைக் கையில் வைத்திருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் கல்லில் வெட்டப்பட்டது. இன்னொருவர் உழைப்பிலிருந்து ஒரு சதவீதத்தைப் பிடித்துக் கையில் வைத்திருக்கும் முதலாளியும் அந்த இடத்தில்தான் நிற்கிறார். அவர் காலாண்டுக்கு ஒருமுறை போடும் படிவம், அந்தக் கணக்குக் காட்டல்தான். அதை மட்டும் தொல்லை என்று சொல்லிவிட்டுக் கல்வெட்டுக்குப் பெருமைப்படுவது எப்படி?

படிவம் போடுவது சின்ன ஆலைக்குச் சுமையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டில் ஐந்தாறு பேருக்குப் பணம் கொடுக்கும் இடத்துக்கும் நான்கு படிவம் என்பது அதிகம். ஆண்டுக்கு ஒன்று போதும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சுமையைக் கூலிக்காரர் தலையில் இறக்கிவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனி மாதத்தில் மேஸ்திரியும் நானும் அவருடைய பான் எண்ணை வைத்து இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஜனவரி முதல் மார்ச் வரைக்கான படிவத்தை மே 31க்குள் போட வேண்டும். அந்த ஆலை போட்டிருந்தது. 850 ரூபாய் அவர் பெயரில் இருந்தது. அதற்குக் கீழே, அவர் மறந்தே போயிருந்த வேறோர் இடத்தின் 1,100 ரூபாயும் இருந்தது. “இதுவும் என்னுதாய்யா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆலை, கிரஷர், திருமண மண்டபம், பள்ளி நடத்தும் உத்திரமேரூர்க்காரர்களே, உங்களிடம் வேலை செய்கிறவரின் பான் எண்ணை அவர் அட்டையைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்து எழுதுங்கள். பிடித்ததை ஏழாம் தேதிக்குள் கட்டுங்கள். படிவத்தின் கெடு முடிந்து பதினைந்து நாளுக்குள் பிடித்ததற்கான சான்றிதழை அச்செடுத்து, அவர் கேட்பதற்கு முன்னால் அவர் கையில் கொடுங்கள்.

மேஸ்திரிமார்களே, அடுத்த வேலைக்கு ரொக்கம் தருகிறேன் என்று சொன்னால், வேண்டாம், பில் போடுங்கள் என்று சொல்லுங்கள்.